விசுவாசம்: சொல்லின் பொருளும் அதற்கு ஈடான தமிழும்

கிறித்தவ மறையில் மீட்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் விசுவாசம் என்னும் சொல்லில் வந்து நிற்கும். 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்று எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் (2:8) வரும் தொடர், மீட்பைத் தருவது கடவுளின் அருள் என்றும், மனிதன் அதைப் பெறுவது விசுவாசத்தின் வழியாக என்றும் கூறுகிறது. தேவாலயத்திற்குள் இச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் வெளியே வந்து வழியில் போகும் ஒருவரிடம் விசுவாசம் என்றால் என்னவென்று கேட்டால், அவர் பெரும்பாலும் நாயைத்தான் எடுத்துக்காட்டுவார். எஜமான விசுவாசம், கட்சி விசுவாசம், ராஜ விசுவாசம் என்று பொதுத்தமிழில் இச்சொல் உண்டவீட்டுக்கு இரண்டகம் செய்யாமையையே குறிக்கிறது. ஆகவே யோவான் நற்செய்தியில் இயேசு 'தேவனிடத்தில் விசுவாசமாயிருங்கள், என்னிடத்திலும் விசுவாசமாயிருங்கள்' (14:1) என்று சொல்வதை முதன்முறையாகப் படிக்கும் தமிழர், தலைவர் ஒருவர் தம் தொண்டர்களிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. கலங்கிய நெஞ்சினரைத் தேற்றும் சொற்கள் அவை என்பது அவருக்கு உடனே புலப்படாது.

விசுவாசம் வடசொல். 'வி' என்னும் முன்னொட்டும், மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ச்வஸ்' என்னும் வேரும் சேர்ந்து பிறந்தது. நாம் வழங்கும் சுவாசமும் இதே வேரினது. அச்சம் நீங்கித் தாராளமாக மூச்சுவிடுதல் என்பது அதன் அடிப்பொருள். அதிலிருந்தே, ஒருவரிடம் அஞ்சாமல் தன்னை ஒப்படைக்கும் மனநிலை என்னும் பொருள் வளர்ந்தது. அப்பொருளில் அழகான சொல்தான். தமிழில் அந்த மூச்சு காலப்போக்கில் அடங்கிப் போயிற்று. 1871-இல் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் செல்வாக்கோடு இருக்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு இச்சொல்லை நிலைபெறச் செய்தது. கத்தோலிக்கரின் பழைய செபங்களில் இதே வினை 'விசுவசிக்கிறேன்' என்று வரும். சீர்திருத்தச் சபையார் 'விசுவாசிக்கிறேன்' என்பர். ஒருவர் எந்தச் சபையில் வளர்ந்தவர் என்பதை அந்த ஒரு நெடிலைக் கொண்டே ஒரு காலத்தில் சொல்லிவிடலாம்.

மூலமொழிகளைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் உள்ள சொல் 'பிஸ்திஸ்'. அது உறுதிமொழி, பிணை, கொடுக்கல் வாங்கலில் உள்ள நாணயம் ஆகியவற்றையும் குறித்த சொல். நம்புகிறவரின் உள்ளநிலையும் நம்பப்படுகிறவரின் நம்பத்தக்க தன்மையும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். உரோமர் 3:3-இல் கடவுளைச் சார்த்தி அச்சொல் வரும்போது பழைய மொழிபெயர்ப்பாளர் விசுவாசம் என்று எழுதாமல் 'தேவனுடைய உண்மை' என்று எழுதியிருப்பது அவர்களுடைய நுட்பத்தைக் காட்டுகிறது. அதற்கும் பின்னால் எபிரேய வேர் ஒன்று நிற்கிறது: அசையாமல் உறுதியாய் இருத்தலைக் குறிக்கும் 'ஆமன்'. வழிபாட்டில் நாம் சொல்லும் ஆமென் அதன் பிள்ளை. அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் சோர்ந்துபோக, ஆரோனும் ஊர் என்பவரும் அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து இரு பக்கமும் கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். பொழுது சாயும்வரை அவை நிலையாய் இருந்தன என்று யாத்திராகமம் (17:12) கூறுமிடத்தில் அந்த நிலைமையைக் குறிக்க வருவது அதே வேரில் பிறந்த 'எமூனா' என்னும் சொல். ஆபகூக்கின் 'தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' (2:4) என்னும் வாக்கில் உள்ளதும் அதுவே. அந்தக் கைகள் தம் வலுவால் நிலைத்து நிற்கவில்லை, தாங்கப்பட்டதால் நின்றன என்பதைக் கருதினால், 'போடப்பட்டிருக்கிற அஸ்திபாரமாகிய இயேசுகிறிஸ்துவை அல்லாமல் வேறே அஸ்திபாரம் போட ஒருவனாலும் கூடாது' (1 கொரிந்தியர் 3:11) என்று பவுல் எழுதுவதன் பொருளும் விளங்கும். விசுவாசம் தானே அடித்தளமாவதில்லை. அடித்தளத்தின்மேல் சாய்ந்து நிற்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இதற்கு நேரான தமிழ் நம்பிக்கை. நம்பு என்னும் வினையடியில் பிறந்த இச்சொல்லின் இறுதியில் உள்ள 'கை' வெறும் விகுதி. மேடைகளில் அதனை உடலின் மூன்றாவது கையாக்கிப் பேசுவது சுவையான பேச்சே தவிர இலக்கணமாகாது. 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று தொல்காப்பிய உரியியல் இவ்வேருக்கு விருப்பம் என்னும் பொருளைத் தருகிறது. ஐயமின்மை என்ற இன்றைய பொருளுக்கு முன்பே நெஞ்சின் சாய்வைச் சொன்ன சொல் இது என்பதால் சமயப் பொருளுக்கு இது குறைந்ததன்று. இன்னொரு வகையில் இது விசுவாசத்தைவிட மேலானது. 'நீ சொன்னதை நம்புகிறேன்' என்பதும் 'உன்னை நம்புகிறேன்' என்பதும் வேறு வேறு. 'உன்னை நம்பித்தான் வந்தேன்' என்பது இரண்டையும் தாண்டியது. மானாவாரி நிலத்துக்காரர் மழையை நம்பி விதைக்கிறார் என்றால், மழை பெய்யும் என்ற கருத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் பொருளன்று. கையிலிருந்த விதைநெல்லை மண்ணில் போட்டுவிட்டார் என்பதே பொருள். யோவான் நற்செய்தி பிஸ்திஸ் என்ற பெயர்ச்சொல்லை ஓரிடத்திலும் ஆளாமல், வினையை மட்டுமே திரும்பத் திரும்ப ஆள்கிறது. பல இடங்களில் அவ்வினையோடு 'உள்நோக்கி' என்னும் பொருள்தரும் இடைச்சொல்லையும் சேர்க்கிறது. அந்தக் கிரேக்க வழக்குக்கு 'நம்பி' என்னும் நம் வினையெச்சத்தைவிட நெருங்கிய ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. பேய்களும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு (2:19) எழுதுவது முதல்வகை நம்புதலை. கடவுள் ஒருவரே என்பது பேய்களுக்கும் தெரியும், ஆனால் அவை அவரை நம்பி எதையும் விதைக்கவில்லை.

நம்பிக்கை என்று மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது' என்று வருகிறது. அங்கே நம்பிக்கை என்பது வரப்போகும் நன்மையைக் காத்திருத்தலைக் குறிக்கும் 'எல்பிஸ்' என்ற வேறொரு சொல்லுக்கு நேர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ அதே வரிசையை 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று தருகிறது. முதலில் இரண்டாம் இடத்தில் இருந்த சொல் முதலிடத்துக்கு ஏறிவிட்டதால், இரண்டு பதிப்புகளையும் வைத்துக்கொண்டு படிக்கும் குழுவில் ஒருவர் நம்பிக்கை என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்நோக்கு நல்ல ஆக்கம். அது பழகிவிட்டால் குழப்பம் தானே குறையும். பற்றுறுதி என்பதையும் சிலர் எழுதுகின்றனர். 'இயேசுகிறிஸ்துவைப் பற்றும் விசுவாசம்' என்று கலாத்தியரில் (2:16) பழைய பதிப்பே பற்றுதலைக் கொண்டுவந்திருப்பதால் அதற்கும் ஆதாரம் உண்டு. ஆயினும் பேச்சுவழக்கில் அது கால்கொள்ளவில்லை.

இதனோடு சேர்ந்து வரும் இரட்சிப்பு, காத்தலைக் குறிக்கும் வடவேரினது. இப்போது மீட்பு என்கிறோம். அடகு வைத்த நகையை மீட்பதுபோல, விலை கொடுத்துத் திரும்பப் பெறுதலை அது நினைவூட்டும்.

எஞ்சியிருப்பது விசுவாசி என்னும் சொல். அது ஏவல்வினையாகவும் வரும், ஆளைக் குறிக்கும் பெயராகவும் வரும். 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி' (அப்போஸ்தலர் 16:31) என்பதில் அது கட்டளை. 'சபை விசுவாசிகள்' என்பதில் ஆட்கள். கட்டளைக்கு 'நம்பு' என்பதும், ஆளுக்கு 'நம்பிக்கையாளர்' என்பதும் பொருந்தும். எதிர்மறைக்குத்தான் இடர்: அவிசுவாசியை 'நம்பிக்கையற்றவர்' என்று எழுதினால், வாழ்வில் மனமுடைந்தவர் என்று பொருள் மாறிவிடும். உயிர்த்த இயேசு தோமாவிடம் கூறிய 'அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு' (யோவான் 20:27) என்பதைப் பொது மொழிபெயர்ப்பாளர் 'ஐயம் தவிர்த்து நம்பிக்கைகொள்' என்று எழுதி அந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்கின்றனர்.