சப்போசிட்டரி: கீழே வைக்கிற மாத்திரை

களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள் பலர் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போவார்கள். திரும்பும்போது மருந்துக் கவரில், தகட்டுக்குள் தோட்டா வடிவில் வெள்ளையாக ஒன்று இருக்கும். சீட்டில் 'டைக்ளோஃபெனாக் சப்போசிட்டரி 100 மி.கி.' என்றிருக்கும்; டைக்ளோஃபெனாக் ஒரு வலிமருந்து. "இது முழுங்கக் கூடாது கேட்டியளா, கீழ வைக்கணும்" என்பார் நர்ஸ்.

லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'போனரே' என்றால் வைத்தல். நர்ஸ் சொன்னது அட்சரசுத்தமான மொழிபெயர்ப்பு!

ஆனால் தமிழ்ப் பெயராக 'கீழே வைக்கிற மாத்திரை' போதுமா? இது ஆசனவாயில் வைப்பது; சிசேரியன் ஆன பெண்ணிடம் 'கீழே' என்றால் எந்தக் கீழே? பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையையும் அப்படித்தானே சொல்கிறோம். 'ஆசனவாய் மாத்திரை' என்பதிலும் சிக்கல்: மாத்திரை என்றதும் கை தண்ணீர் டம்ளரைத் தேடும். அகராதிக்காரர்களுக்குப் பிடித்த 'குளிகை' எல்லைக்கு அப்பால் இன்னும் மோசம். மலையாளத்தில் 'குளிக' என்றாலே விழுங்கும் மாத்திரைதான்.

சித்த மருத்துவப் புறமருந்துகள் 32-இல் 'வர்த்தி' ஒன்று. வர்த்தி என்றால் திரி. துணியில் மருந்தேற்றித் திரித்துப் புரையோடிய புண்ணிலும் துவாரத்திலும் வைப்பது. திரி மலையாளத்திலும் திரிதான். ஆகவே என் ஓட்டு 'ஆசனவாய்த் திரி'க்கு. யாரும் அதை விழுங்கமாட்டார்கள்.

கொக்கோ வெண்ணெய் போன்ற கொழுப்பில் வார்ப்பதால் உடல் சூட்டில் உருகி, மருந்து மலக்குடல் சுவர் வழியே ரத்தத்தில் சேர்கிறது. கோடையில் கவருக்குள்ளேயே இளகிவிட்டால், தகட்டைப் பிரிக்காமல் சற்று நேரம் குளிர்ந்த நீரில் போட்டு வைத்தால் இறுகிவிடும். மயக்கம் தெளிந்து குமட்டுகிறவருக்கு, வாயால் விழுங்க முடியாத குழந்தைக்கு, இது நல்ல வழி. இருந்தும் எழுதத் தயங்கும் டாக்டர்கள் உண்டு. கூச்சம் நோயாளிக்கு மட்டும்தானா என்ன?

எழுதுகிறவர்களிடமும் ஒரு தப்பெண்ணம் உண்டு: வயிற்றைத் தொடாததால் அல்சர் பயமில்லை என்பது. டைக்ளோஃபெனாக் ரத்தத்தில் கலந்தபின் இரைப்பையின் காப்புச் சுரப்பைக் குறைக்கத்தான் செய்யும். புண் உள்ளவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், வலிமருந்தால் ஆஸ்துமா கிளம்புகிறவர், எந்த வழியில் கொடுத்தாலும் முன்கூட்டிச் சொல்லவேண்டும். மாத்திரை, ஊசி, திரி எல்லாம் சேர்த்து டைக்ளோஃபெனாக் ஒரு நாளுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வார்டில் ஊசி போட்டதை மறந்து வீட்டில் திரியும் வைத்தால் கணக்கு எகிறிவிடும்.

மயக்கத்தில் இருக்கும்போதே வைப்பதானால், ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். அப்போதும் 'சப்போசிட்டரி' என்று மட்டும் சொன்னால், எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கே தெரியாது.