ஈயம் எப்படிப் பற்றுகிறது?

‘பத்துப் பாத்திரம்’ என்பதில் வரும் பத்துக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. எச்சில் காய்ந்து ஒட்டிக்கொண்ட பாத்திரம், அதாவது பற்றுப் பாத்திரம். நெற்றியில் போடும் பத்தும் அதே பற்றுதான். தொட்டதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் சொல்லின் வேர்ப்பொருள். கணக்கில் எழுதும் பற்று, மனத்தில் வைக்கும் பற்று, திரியில் தீப்பற்றுவது எல்லாம் அதன் கிளைகள். கன்னடத்தில் இது ‘ஹத்து’ ஆகிவிட்டது. அங்கும் ஒட்டுவதற்கும் தீப்பிடிப்பதற்கும் அந்த ஒரே சொல்தான்.

உலோகத்தை இணைப்பதையும் பற்றவைப்பு என்கிறோம். வெல்டிங், சால்டரிங் இரண்டுக்கும் இந்தப் பெயரே வழங்குகிறது. வெல்டிங்கில் இணையும் துண்டுகளே உருகிக் கலக்கின்றன. என்னைக் கேட்டால், பற்று என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துவது சால்டரிங்குக்குத்தான். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். சால்டரிங்கில் இணைப்பின் மேல் உருக்கிவிடும் ஈயமோ, அதாவது வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை, 183 டிகிரியிலேயே உருகிவிடும். செம்பு உருகாமலே, ஈயம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சும்மா பிடித்துவிடாது. பழைய செம்புக் கம்பியில் உருகிய ஈயத்தை வைத்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். காற்றுப்பட்டுப் படிந்த ஆக்சைடு படலம் குறுக்கே நிற்கிறது. கொஞ்சம் ரோசின் (பைன் மரப் பிசின்) பட்டதும் புகை எழும். உருண்டை சட்டென்று தளர்ந்து கம்பியைத் தழுவிப் பரவும். ரோசின் ஆக்சைடைக் கரைத்துவிட்டது. நகைப் பட்டறையில் இதே வேலையை வெங்காரம் செய்கிறது. அங்கே பற்றவைக்கும் உலோகத் தூளுக்குப் பொடி என்று பெயர். பொடி வைத்து ஊதுவது என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததுதான்.

படலம் விலகியதும் கொஞ்சம் செம்பு வெள்ளீயத்தில் கரைந்து, இரண்டும் சேர்ந்து புதுச் சேர்மமாகின்றன: ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு. சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் பிடிப்பு முழுக்க அதில்தான். ரொம்ப நேரம் சூடு காட்டினால் அந்த அடுக்கு தடித்து நொறுங்கும். சூடு போதாவிட்டால் அடுக்கே உருவாகாது. அப்படிச் சரியாகப் பிடிக்காத இணைப்பைத்தான் மெக்கானிக் ‘டிரை சால்டர்’ என்பார்.

காரீயம் இந்தப் பிணைப்பில் சேருவதே இல்லை. அதனால்தான் 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை போட்டபோதும் வேலை நிற்கவில்லை. வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்த கலவை வந்தது. அது உருக 217 டிகிரியாவது வேண்டும். ஆறிய பிறகு மங்கலாகத் தெரியும். பழைய பளபளப்புக்குப் பழகிய கண்ணுக்கு நல்ல இணைப்பும் டிரை சால்டர் போலவே படும்.