வெடித்தது கட்டுப்பாட்டுப் பலகமா, முன்தட்டா?

"விரிசல் விட்ட கட்டுப்பாட்டுப் பலகத்தைப் புதுப்பிக்க எளிய வழி." பழைய கார்களுக்கு டேஷ்போர்டு உறை விற்கும் விளம்பரங்களில் இந்த மாதிரி வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? டேஷ்போர்டுக்குத் தமிழாம் இது, அனல்மின் நிலையத்தில் ஏதோ ஆகிவிட்டது போல இருக்கிறது.

டேஷ்போர்டு என்ற சொல் வந்த கதை சின்னது. ஆங்கிலத்தில் டேஷ் என்றால் வேகமாக அடித்துத் தெறிப்பது. குதிரை வண்டியில் குளம்படியில் கிளம்பும் சேறு ஓட்டுகிறவர் மேல் படாமல் இருக்க முன்னால் மரத்திலோ தோலிலோ ஒரு தடுப்பு வைத்தார்கள், அதுதான் டேஷ்போர்டு. குதிரை போன பிறகும் பலகை போகவில்லை. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் வண்டிக்கு முன்னால் வளைந்து நின்ற பலகையை வைத்தே ‘கர்வ்டு டேஷ்’ என்று பெயர், இத்தனைக்கும் அதன் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருந்தது. மீட்டர், சுவிட்ச் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது அப்புறம்தான்.

கட்டுப்பாட்டுப் பலகம் கணினிப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மென்பொருளில் டேஷ்போர்டு என்று ஒரு திரை உண்டு, அதற்கு யாரோ அப்படிப் பெயர் வைக்க, மொழிபெயர்ப்பாளர்கள் அதையே தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டார்கள் போல. பழைய காரில் வெடிப்பது எந்த இடம் என்று ஒருமுறை பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலைப் பார்த்துக் கிடக்கிற மேல்பரப்புதான் வெடிக்கிறது. அங்கே ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. பல கார்களில் மேலே மெல்லிய பிவிசி தோல், அடியில் நுரை, அதற்கும் அடியில் கெட்டி பிளாஸ்டிக். தோலை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது, கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று படிகிறதே, அதில் இதுவும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் தொட்டிருந்தது. இறுகிச் சுருங்கிய தோல், ஏசி துவாரத்தின் மூலையிலோ ஸ்பீக்கர் ஓட்டையின் ஓரத்திலோ பிளந்து, மஞ்சள் நுரையைக் காட்ட ஆரம்பிக்கும்.

‘கருவிப் பலகை’ என்பார்கள் சிலர். அது மீட்டர் இருக்கும் துண்டுக்கு மட்டும் பொருந்தும், கருவிப் பலகை முழுசாக இருக்கும்போதே டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருக்கலாம். ‘முகப்புப் பலகை’ பரவாயில்லை, ஆனால் கேட்டவுடன் கடை வாசல் போர்டுதான் நினைவுக்கு வருகிறது. நம் ஊரிலோ "ஆர்சி புக் டேஷ்போர்டுல இருக்கு" என்றால் பயணிக்கு முன்னால் மூடி போட்டு இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, அது தனிக் குழப்பம்.

என்னைக் கேட்டால் முன்தட்டு. அலமாரித் தட்டு, பரண் தட்டு என்று சொல்கிறோமே, அதே தட்டு. பிள்ளையாரை டபுள் டேப் போட்டு உட்கார வைக்கும் இடத்துக்கு வேறு என்ன பெயர் வேண்டும்? தூய்மைக்காகச் சொல்லவில்லை. சீட் கவர் கடைக்காரர் டேஷ்போர்டு என்று சொன்னால் நான் திருத்தப் போவதில்லை, அவர் சொல்வது எந்த இடம் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். தமிழில் எழுதுகிறேன் என்று கிளம்பித் தப்பான இடத்தைக் காட்டுவதுதான் எரிச்சல்.

உறை என்ற சொல்லும் போதாது. வெடித்த தோலின் மேல் அப்படியே ஒட்டும் அச்சு பிளாஸ்டிக் ஒன்று, அதை ஓடு எனலாம். வெறுமனே மேலே போடும் கார்பெட் துணி இன்னொன்று, அது விரிப்பு. பழைய தோலை உரித்துவிட்டு ரெக்சின் போர்த்துவது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் செலவு வேறு, உழைப்பு வேறு, விளம்பரத்திலோ மூன்றும் ‘பலக உறை’.

பயணி பக்கம் ஏர்பேக் உள்ள கார்களில் பெரும்பாலும் அதன் மூடி முன்தட்டின் மேல்பக்கம்தான் இருக்கும், விரிப்பில் அந்த இடத்தை வெட்டி விட்டிருக்க வேண்டும். இதைப் போய் "கட்டுப்பாட்டுப் பலகத்தை மறைக்காதீர்" என்று எச்சரிக்கையாக எழுதினால், படிக்கிறவர் சுவிட்சுகளை மறைக்காமல் விட்டுவிட்டு ஏர்பேக்கை நன்றாக மூடி வைப்பார்.