பசிலிக்கா: தமிழில் எப்படிச் சொல்வது?

வேளாங்கண்ணி மாதா கோயில் ஒரு பசிலிக்கா. இஸ்தான்புல்லில் இடிந்துபோன ஸ்டூடியோஸ் மடத்துக் கோயிலும் பசிலிக்கா. சொல் ஒன்று, பொருள் வேறு. வேளாங்கண்ணிக்கு அது 1962இல் போப்பாண்டவர் கொடுத்த தகுதி. ஸ்டூடியோஸ் கோயிலுக்கோ அது கட்டடத்தின் அமைப்பு. தமிழில் இரண்டையும் 'பேராலயம்' என்று எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கிரேக்கத்தில் 'பசிலியுஸ்' என்றால் அரசன். 'பசிலிகே' என்றால் அரசனுக்குரியது. ரோமானியர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, சந்தைவெளியை ஒட்டிய பெரிய தூண் மண்டபத்துக்குப் பெயராக வைத்தார்கள். வழக்கு விசாரணை, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே நடந்தன. சாமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வழிபாட்டுக்கூடங்கள் தேவைப்பட்டன. கூட்டம் உள்ளே நின்று வழிபட வேண்டும் என்பதால் இந்த மண்டப வடிவம் அவர்களுக்குப் பொருந்தியது.

அந்த வடிவத்தைப் பார்க்க ஸ்டூடியோஸ் நல்ல இடம். பெயரைப் பார்த்துப் படப்பிடிப்புத் தளத்தை நினைக்க வேண்டாம். 454இல் கான்சல் என்ற ரோமப் பேரரசின் உயர் பதவியில் இருந்த ஸ்டூடியோஸ் என்பவர் திருமுழுக்கு யோவானுக்காக எழுப்பிய கோயில் இது. மேற்கே முற்றம், அடுத்து முகமண்டபம், அதைத் தாண்டினால் உயர்ந்த நடுக்கூடம். அதன் இருபுறமும் கரும்பச்சைப் பளிங்குத் தூண்கள், பக்கத்துக்கு ஏழாக வரிசை கட்டி நின்றன. தூண்களுக்கு அப்பால் பக்கக்கூடங்கள், அவற்றின் மேலே மாடங்கள், எல்லாவற்றுக்கும் மேல் மரக்கூரை. கிழக்குக் கோடியில் சுவர் அரைவட்டமாக வளையும். அதன் முன்னால்தான் பலிபீடம். முழுக் கட்டடமும் அரைவட்டப் பின்புறத்தோடு அமைந்தால் நம் கோயிற்கலையில் அதைத் 'தூங்கானை மாடம்' என்பார்கள். இங்கே கோடி மட்டும்தான் அப்படி என்பதால் 'வளைகோடி' என்று சொல்லலாம்.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தியோடோர் தலைமையில் துறவிகள் இங்கே குடியேறினார்கள். திருவுருவப் படங்களை வணங்கக் கூடாது என்று பேரரசர்கள் தடுத்தபோது எதிர்த்து நின்றவர் அவர். 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடிய பிறகு மடம் பாழடைந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் சீரமைத்தார்கள். விலங்குருவங்கள் பதித்த பளிங்குத் தரை 13ஆம் நூற்றாண்டு வேலை. உதுமானியர் ஆட்சியில் இந்தக் கோயில் இம்ராஹோர் பள்ளிவாசலானது. தீவிபத்து, 1894 நிலநடுக்கம், அப்புறம் கூரையும் போனது. வடக்குத் தூண்வரிசையில் ஆறு தூண்கள் எஞ்சின. கூரை போன பிறகும் இது பசிலிக்கா என்று தெரிகிறதென்றால், அந்தத் தூண்வரிசையும் வளைகோடியும்தான் காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெடுமண்டபக் கோயில்' என்று எழுதலாம் என முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்டூடியோஸ் கோயிலின் நீளமும் அகலமும் ஏறக்குறையச் சமம். நீளத்தை வைத்துப் பெயர் சூட்டினால் இதுவே வெளியே நின்றுவிடும். அதனால் 'தூண்வரிசைக் கோயில்' என்பதே பொருத்தம். போப் தரும் தகுதிக்குப் 'பசிலிக்கா' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். 'பேராலயம்' ஆயரின் தலைமைக் கோயிலுக்கும் வழங்குகிறது. அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. சென்னைச் சாந்தோம் கோயில் இரண்டு தகுதியும் உள்ளது: ஆயரின் தலைமைக் கோயில், 1956 முதல் பசிலிக்காவும் கூட. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்?

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 'கோயில்' என்ற நம் சொல்தான். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கோவலனைக் 'கோயிற் சிலம்பு கொண்ட கள்வன்' என்கிறான். அங்கே கோயில் என்பது பாண்டியனின் அரண்மனை. அரசனைச் சுட்டிய சொல் இறைவனின் இடத்துக்கு நகர்ந்தது, கிரேக்கத்திலும் தமிழிலும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'மாதா கோயில்' என்று சொல்லும்போது, பசிலிக்காவுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல்லைத்தான் சொல்கிறார்கள்.