கொலைடர் தந்ததும் தராததும்

ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளை வைத்து ஓடும் கருவி என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடியைக் கோடி கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட உயிரோடு இருக்காத துகள் அது. அதைப் பிடித்து வைக்க முடியாது, கம்பியில் ஓட்ட முடியாது. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாளிலிருந்து, துகள் இயற்பியலில் வேலை செய்கிற எங்களைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு பணம் போட்டீர்களே, எங்களுக்கு இதனால் என்ன பிரயோஜனம்?

கேட்பது நியாயம், அது மக்கள் பணம். ஆனால் எங்கள் துறை ஆட்களில் பலர் சொல்லும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. இணையம், தொடுதிரை, எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், புற்றுநோய் சிகிச்சை என்று ஒரே மூச்சில் அடுக்கி, எல்லாம் கொலைடர் (துகள்களை வேகப்படுத்தி ஒன்றோடொன்று மோதவிடும் பெரிய இயந்திரம்) ஆராய்ச்சி தந்த கொடை என்று முடித்துவிடுவார்கள். அதில் சில முழு உண்மை, சில பாதி, சில கால்வாசிகூட இல்லை. நான் டிடெக்டர் பக்கம் வேலை செய்கிறவன், அதாவது மோதலில் சிதறுவதைப் பார்த்துப் பதிவு செய்யும் கருவிகள் பக்கம். அங்கிருந்து பார்த்தால் எது உண்மையிலேயே எங்கள் வீட்டிலிருந்து போனது, எதை நாங்கள் வெளியிலிருந்து வாங்கினோம் என்று ஓரளவு தெளிவாகத் தெரியும்.

வலைத்தளங்களின் உலகம் முழுக்க செர்னில் பிறந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். (கணினிகளை இணைக்கும் இணையம் அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது, அதன் மேல் ஓடும் வலைதான் இங்கே வந்தது.) உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள், ஆளுக்கொரு வகைக் கணினி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறக்க முடியாத நிலைமை. இதைத் தீர்க்கத்தான் அங்கே வேலை செய்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் வலைக்கான தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய நாள் 1993 ஏப்ரல் 30. அன்றுதான் செர்ன் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் கொடுத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில், அப்போது வலையைவிடப் பிரபலமாக இருந்த, இணையத்தில் தகவல் தேட உதவும் கோஃபர் என்ற முறைக்கு அதை உருவாக்கிய மின்னசோட்டா பல்கலைக்கழகம் சிலரிடம் உரிமக் கட்டணம் கேட்கப்போவதாகச் சொன்னது. ஆட்கள் அங்கிருந்து நகர ஆரம்பித்தார்கள். வலை ஜெயித்ததற்கு அந்த இலவசக் கையெழுத்து பெரிய காரணம்.

தொடுதிரை கதை அப்படி இல்லை. 1970களில் செர்னின் எஸ்.பி.எஸ். என்ற முடுக்கிக்கு (துகள்களை வேகப்படுத்தும் இயந்திரம்) கட்டுப்பாட்டு அறை அமைக்கும்போது ஆயிரக்கணக்கான பொத்தான்களை வைக்க இடமில்லாமல், ஃபிராங்க் பெக்கும் பென்ட் ஸ்டம்ப்பும் விரலால் தொடும் திரையைச் செய்து காட்டினார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதற்கு முன்பே 1965இல் இங்கிலாந்தில் எரிக் ஜான்சன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகத் தொடுதிரை பற்றி எழுதிவிட்டார். இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் திரை வேறு பல வழிகளில் வளர்ந்து வந்தது. ஆகவே அதை எங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது சரியில்லை.

எம்.ஆர்.ஐ. எங்கள் கண்டுபிடிப்பே அல்ல. அதன் அடிப்படை 1946இல் பிளாக்கும் பர்செல்லும் கண்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது காந்தப்புலத்தில் வைத்த அணுக்கரு குறிப்பிட்ட ரேடியோ அலைக்கு மட்டும் பதில் கொடுப்பது. அதைப் படமாக்கியவர்கள் லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும். எங்கள் பங்கு கம்பியில் இருக்கிறது. சிகாகோ பக்கத்தில் ஃபெர்மிலேப் ஆய்வகம் கட்டி 1983இல் ஓட்டத் தொடங்கிய டெவட்ரான் முடுக்கிக்கு நயோபியம்-டைட்டேனியம் மீகடத்திக் கம்பி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் கம்பி, ஏராளமாகத் தேவைப்பட்டது. அதுவரை ஆய்வகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பியைத் தொழிற்சாலைகள் டன் கணக்கில், ஒரே தரத்தில் இழுக்கக் கற்றுக்கொண்டன. அதே வகைக் கம்பிதான் ஸ்கேன் மையத்தில் நீங்கள் படுத்திருக்கும் அந்தக் குழலைச் சுற்றி, திரவ ஹீலியத்தில் மூழ்கி இருக்கிறது. ஹிக்ஸைக் கண்டுபிடித்த கொலைடர், ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. அதன் 1232 பெரிய காந்தங்களும் அதே உலோகக் கலவைதான், வெப்பநிலை மட்டும் மைனஸ் 271 டிகிரி. முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் காந்தங்களை மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்கு நகர்த்தி நிறுத்தும் ஆயிரக்கணக்கான ஜாக்குகள் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. இது நம்மூரில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். எல்.எச்.சி.யில் புரோட்டான் கூட்டங்கள் விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு முறையும் பல பத்து மோதல்கள். நூறு கோடி மோதலுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஹிக்ஸ் உருவாகும். அத்தனையையும் சேமிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. வருவதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முதல் கட்ட மின்னணுச் சுற்று சில மைக்ரோ விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். விட்டது விட்டதுதான், திரும்ப வராது. இந்த நெருக்கடிதான் எங்கள் பக்கத்தில் கருவிகளைப் பிறப்பிக்கிறது: வேகமான சிலிக்கான் சில்லுகள், ஒளியை நொடிப்பொழுதில் உமிழ்ந்து அடங்கும் படிகங்கள், தனித்தனி ஒளித்துகளை எண்ணும் உணரிகள்.

பெட் ஸ்கேனைப் பாருங்கள். நோயாளிக்கு ஊசியில் போடுவது கதிரியக்க ஃபுளோரின்-18 ஒட்டிய சர்க்கரை. சர்க்கரையை அதிகமாகத் தின்னும் செல்கள், முக்கியமாகப் பல வகைப் புற்றுநோய்ச் செல்கள், அதை இழுத்துக்கொள்ளும். ஃபுளோரின் சிதையும்போது பாசிட்ரான் வெளிவருகிறது, அதாவது எலக்ட்ரானின் எதிர்ப்பொருள். ஆமாம், எதிர்ப்பொருள்தான், கதைகளில் குண்டு செய்வதற்கு மட்டும் வரும் அதே சமாசாரம். அது உடம்புக்குள் ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் மறைந்து, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமா ஒளித்துகள்கள் கிளம்புகின்றன. சுற்றியிருக்கும் படிக வளையம் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால், மருந்து சிதைந்த இடம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று தெரியும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம். நாங்கள் ஜெனீவாவில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், ஆற்றல்தான் வேறு.

இந்த ஃபுளோரினுக்கு அரை ஆயுள் 110 நிமிடம். சாலையில் மாட்டிக்கொண்டால் மருந்து பாதியாகிவிடும். அதனால்தான் சைக்ளோட்ரான் எனப்படும் சிறிய முடுக்கி ஒன்று ஆஸ்பத்திரியிலேயே, இல்லையென்றால் சில மணி நேரத்தில் எட்டும் தூரத்திலாவது இருக்க வேண்டியிருக்கிறது. "காலையில் ஆறு மணிக்கே வரச் சொல்கிறார்களே, தாமதமானால் இன்றைக்கு முடியாது என்கிறார்களே" என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது, காரணம் அதுதான். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், மெல்லாமல் சும்மா இருக்கச் சொல்வதும் காரணத்தோடுதான்: வேலை செய்யும் தசையும் சர்க்கரையை இழுக்கும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்து டாக்டரைக் குழப்பும்.

பெட் ஸ்கேனைக் கண்டுபிடித்தது செர்னா என்றால், தனியாக இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் மருத்துவக் குழு அதை முன்பே உருவாக்கியிருந்தது. செர்னில் ஜீவன்ஸும் டவுன்சென்டும் 1977இல் துகள் டிடெக்டரை வைத்து ஒரு சுண்டெலியைப் படமெடுத்தார்கள். ஷாங்காயில் தயாரான பிஸ்மத் ஜெர்மனேட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் செர்னின் எல்3 சோதனைக்குப் போயின, பெட் கருவிகளிலும் அதே வகைப் படிகம் இருந்தது. இப்போது வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. பெட் ஸ்கேனுக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட எல்.ஒய்.எஸ்.ஓ. என்ற வேகமான படிகத்தை எடுத்து, எல்.எச்.சி.யின் அடுத்த கட்டத்துக்காக சி.எம்.எஸ். டிடெக்டரில் நேரம் அளக்கும் அடுக்கு ஒன்றை அமைக்கிறார்கள். ஒரே கடப்பில் 200 மோதல் வரை நடந்தால், எந்தத் துகள் எந்த மோதலிலிருந்து வந்தது என்று பிரிக்க நேரம்தான் வழி. ஆஸ்பத்திரியிடமிருந்து நாங்கள் கடன் வாங்குகிறோம். எங்கள் துறைக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் "கரண்ட் வைப்பது". ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர். என் சித்தி ஒருமுறை போனில் கேட்டார், "ஏம்பா, கரண்ட் வச்சிட்டு வந்தவர்கிட்ட குழந்தையைக் கொடுக்கலாமா? தட்டு டம்ளரெல்லாம் தனியா வைக்கணுமா?" பல வீடுகளில் இப்படித்தான் நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். லினாக் என்ற இயந்திரம் எலக்ட்ரான்களை மைக்ரோ அலையில் முடுக்கி, டங்ஸ்டன் தகட்டில் அடித்து, எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்தால் கதிர் அந்தக் கணமே நின்றுவிடும். வெளியிலிருந்து அப்படிக் கதிர் வாங்கியவர் உடம்பில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை. அவர் மடியில் பேரன் உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம். பெட் ஸ்கேன் எடுத்தவர் விஷயம் வேறு, ஊசி மருந்து உள்ளே இருப்பதால் சில மணி நேரம் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கச் சொல்வார்கள், மறுநாள் அதுவும் இல்லை. கதிரியக்க அயோடின் சாப்பிட்டவருக்கும், உடலுக்குள் கதிர்மூலம் வைக்கப்பட்டவருக்கும் விதிகள் வேறு, அதை ஆஸ்பத்திரியில் கேட்டு அப்படியே பின்பற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பயப்படுவதுதான் பிரச்சினை.

இந்த லினாக்கின் குடும்பம் எங்கள் குடும்பம்தான். 1956இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு கண்ணைப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே இழந்திருந்த இரண்டு வயதுப் பையனின் மறு கண்ணுக்கு, அங்கே இயற்பியல் ஆராய்ச்சிக்காக வளர்ந்த முடுக்கித் தொழில்நுட்பத்தை வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். பார்வை தப்பியது. இன்று உலகில் 30,000க்கும் மேற்பட்ட முடுக்கிகள் இயங்குகின்றன. ஆராய்ச்சிக்கு இருப்பது அதில் சிறு பங்கு, மற்றவை ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும். உங்கள் போனில் இருக்கும் சில்லுகூட ஒரு முடுக்கியைத் தாண்டி வந்ததுதான்: போரான், பாஸ்பரஸ் அயனிகளை முடுக்கி சிலிக்கானுக்குள் செலுத்தித்தான் இன்றைய சில்லின் டிரான்சிஸ்டர்களைச் செய்கிறார்கள். தொடுதிரையை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம், ஆனால் மேடையில் யாரும் சொல்வதில்லை.

புரோட்டான் சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியை நிற்கும் இடத்தில்தான் கொட்டும், அதைத் தாண்டிப் போகாது. அதனால் குழந்தைகளுக்கும், மூளைத்தண்டு, முதுகுத்தண்டு பக்கத்தில் கட்டி உள்ளவர்களுக்கும் பெரிய வரம். சென்னையில் 2019 முதல் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் செலவு அதிகம், எல்லாப் புற்றுநோய்க்கும் இது மேலானது என்று நிரூபணம் இல்லை. நல்ல லினாக்கே போதுமான இடத்தில், புரோட்டான்தான் நவீனம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிலத்தை விற்காதீர்கள். உங்கள் கட்டிக்கு இதனால் என்ன கூடுதல் பலன் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

எங்கள் துறையின் சொற்களைத் திருடி விற்கும் கூட்டமும் இருக்கிறது. குவாண்டம் பதக்கம், ஆற்றல் வளையல், 5ஜி கதிரைத் தடுக்கும் லாக்கெட். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவற்றிலேயே கதிரியக்கப் பொருள் இருக்கிறது, போடாதீர்கள் என்று எச்சரித்தது. கதிரைத் தடுக்கும் என்று காசு கொடுத்து வாங்கியதே ராத்திரி பகலாக நெஞ்சில் கதிரைப் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. குழந்தைகள் கழுத்தில் இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

புரோட்டானால் புற்றுநோயைத் தாக்கலாம் என்று 1946இலேயே எழுதியவர் ராபர்ட் வில்சன். பின்னாளில் ஃபெர்மிலேப்பின் முதல் இயக்குநர். 1969இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, இந்த முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு எந்த வகையிலாவது உதவுமா என்று அவரைத் துருவியது. தன் கையிலிருந்த மருத்துவப் பயனை நீட்டி அவர் தப்பித்திருக்கலாம். பாதுகாப்புக்கு நேரடி உதவி எதுவும் இல்லை, இந்த நாடு பாதுகாக்கத் தகுந்த நாடாக இருப்பதற்கு உதவும் என்றுதான் சொன்னார்.

இப்போது செர்ன் 91 கிலோமீட்டரில் அடுத்த கொலைடரைத் திட்டமிடுகிறது. முதல் கட்டத்துக்கே சுமார் 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க் ஆகும் என்கிறார்கள். ஹிக்ஸ் மற்றத் துகள்களோடு எவ்வளவு வலுவாக இணைகிறது என்பதை இப்போதைவிடப் பல மடங்கு துல்லியமாக அளப்பதுதான் அதன் முதல் வேலை. அதற்கு அவ்வளவு பணம் தகுமா, தகாதா என்று வாதிடலாம்; தகும் என்பது என் கட்சி, எதிர்க்கட்சியிலும் நல்ல இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டினால் கேன்சருக்கு வழி பிறக்கும், புது போன் வரும் என்று எங்களில் யாராவது உங்களிடம் சொன்னால், எந்தக் கருவி, எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தெரியாத நிலையில் கொடுத்த வாக்கு அது.