வீட்டுக்குள் வளரும் பூனைக்கும் வேட்டை வேண்டும்

"சும்மா நடந்து போனாலே ஓடிவந்து காலைக் கடிக்குது டாக்டர்." அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அடுத்தது, விடியற்காலை நாலு மணிக்குக் கத்தி எழுப்புவது. பரிசோதித்துப் பார்த்தால் பல பூனைகளுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. பளபளவென்று முடி, வேளாவேளைக்குச் சாப்பாடு, கொஞ்சம் தொப்பை. நாள் முழுக்கச் செய்ய ஒரு வேலையும் இல்லை, அதுதான் பிரச்சினை.

அப்படியானால் வெளியே விடலாமா என்று கேட்பார்கள். வண்டியில் அடிபட்டதையும், தெருநாய் குதறியதையும், சண்டைக் கடியில் சீழ் கட்டியதையும் பார்த்துப் பார்த்து, உள்ளேயே வளருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அடைத்து வைத்தால் அதன் வேட்டைக்கு ஒரு வழி செய்துதர வேண்டும்.

தெருப்பூனை எலி, பல்லி, பூச்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல தடவை பிடித்துத் தின்னும். பாதிப் பாய்ச்சல் வீணாகத்தான் போகும். உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, பாய்வது, கவ்வுவது, தின்பது, உடம்பை நக்கிவிட்டுத் தூங்குவது என்று எல்லாம் ஒரு வரிசை. கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட்டைக் கொட்டி வைக்கும்போது நாம் கடைசி இரண்டை மட்டும் கொடுக்கிறோம். மிச்சத்தை அது உங்கள் கணுக்காலில் தீர்த்துக்கொள்கிறது.

பொம்மை வாங்கித் தரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கூடை நிறைய இருக்கும். ஆனால் தரையில் அசையாமல் கிடக்கும் பந்து பூனைக்குச் செத்த எலி. குச்சியில் கயிறு கட்டி, நுனியில் இறகோ துணித்துண்டோ வைத்தது ஒன்று போதும். அதை ஆட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுவார்கள். எந்த எலி பூனையின் வாயைத் தேடி வரும்? பூனையிடமிருந்து விலக்கி இழுங்கள். சோபா காலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, நுனியை மட்டும் லேசாக நடுங்க விடுங்கள். பூனையின் கண்மணி விரியும், பின்பக்கம் இப்படியும் அப்படியும் அசையும். அவசரப்படாதீர்கள், பாயட்டும். சில தடவை தப்ப விட்டு, கடைசியில் பிடிக்க விடுங்கள். பிடித்ததும் சாப்பாட்டை வையுங்கள். ஐந்து, பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதில் ஒரு வேளை நீங்கள் படுக்கப் போகும் முன் இருந்தால் நாலு மணிக் கச்சேரி மெல்ல மெல்லக் குறையும். கத்துகிறதே என்று எழுந்து சோறு வைத்தீர்களோ, போச்சு!

கையை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். குட்டியில் அழகாகத் தெரியும் கடி, வளர்ந்த பிறகு ஊசி போட வைக்கும். லேசர் விளக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எவ்வளவு துரத்தினாலும் கையில் எதுவும் சிக்காது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, முடிவில் ஒரு துண்டு மீனாவது கொடுங்கள்.

செலவே இல்லாத வேலைகளும் உண்டு. முட்டை அட்டையின் குழிகளில் ட்ரை ஃபுட்டைப் போட்டு வைத்தால் கையால் தோண்டித் தின்னும். அன்றாட அளவிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் தொப்பைதான் வளரும். பீரோ மேல் ஏறிப் படுக்க ஒரு வழி, ஜன்னலோரம் ஓர் இடம். பால்கனிக்கு உறுதியான வலை கட்டாயம். பூனை எப்படி விழுந்தாலும் தப்பிக்கும் என்பதை நம்பாதீர்கள். சோபாவைப் பிறாண்டினால், அதன் பக்கத்திலேயே ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஆடாமல் நிறுத்துங்கள். பூனை நிமிர்ந்து சோம்பல் முறிக்கும் உயரம் இருக்க வேண்டும். குப்பைமேனியைப் பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். அதன் வேரை மோந்தால் பல பூனைகள் தரையில் உருளும். மோந்து பார்க்க மட்டும் கொடுங்கள், தின்ன விடாதீர்கள்.

நூல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பூத்தொடுத்த நூல், தையல் நூல், ரப்பர் பேண்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வாயில் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம். ஒரு முனை நாக்கடியில் மாட்டி, மறுமுனை உள்ளே போனால், நாடா இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கி, நூல் அதை அறுக்கவும் செய்யும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். குச்சிப் பொம்மையையும் ஆடி முடித்ததும் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கினால், "மோஷன் போகல டாக்டர்" என்று இரண்டு நாள் காத்திருந்து வருகிறார்கள். பெரும்பாலும் அடைத்திருப்பது சிறுநீர். மன அழுத்தமும் உடல் பருமனும் அதற்கு வழிவிடுகின்றன. ஆனால் அடைத்த பிறகு விளையாட்டுக் காட்டிச் சரிசெய்ய முடியாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.