குமிழைத் திருகுங்கள், பிளக்கைப் பாருங்கள்

சின்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி, புதிதாக வாங்கிய பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, எதையாவது தப்பா திருகிட்டா மெஷின் கெட்டுப்போயிடுமா?"

கெடாது. ஒலியை வடிகட்டும் ஃபில்டரை முழுக்க மூடினால் சத்தம் நின்றுபோகும். அந்த ஃபில்டரின் விளிம்பைக் கூர்மையாக்கும் ரெசொனன்ஸை உச்சத்துக்கு ஏற்றினால் கீச்சென்று அலறும். ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சரின் பதினாறு படியிலும் கண்டபடி ஸ்வரம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கீபோர்டு, சின்தசைசர், மிக்சர் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. குமிழ் திருகியதால் செத்த கருவி என் மேசைக்கு வந்ததாக நினைவில்லை. கரண்டால் செத்தவைதான் வரிசையாக வருகின்றன.

இங்கே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் உறுமி மேளக் குழுவில் அடிக்கும் பையன்கள் சிலர் வீட்டில் ஒரு டிரம் மெஷினும் சின்ன சின்தும் வைத்துக்கொண்டு, உறுமியின் அந்த இழுவையை, சின்தில் ஒலி அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரில் பிடிக்கப் பார்க்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கருவிகளை வாங்கும் விதமும் பிளக் போடும் விதமும் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் கொலைகாரன் அடாப்டர். கோயில் பஜனைக் குழுவின் கீபோர்டுகள் இப்படித்தான் சாகின்றன. பழைய காசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடுவில் மைனஸ். யமஹா கீபோர்டு பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பிளஸ். பிளக் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், நுழையவும் செய்யும். "நேத்து வரைக்கும் நல்லா பாடிச்சு தம்பி, இன்னைக்கு லைட்டே எரியல" என்று பெரியவர் கொண்டுவருவார். நான் முதலில் கேட்பது அடாப்டரைத்தான். அடாப்டர் முதுகில் சின்ன வட்டமும் கூட்டல், கழித்தல் குறியும் அச்சிட்டிருக்கும். அது கருவியின் பின்புறப் படத்தோடு பொருந்த வேண்டும், வோல்ட்டும் பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும் கருவி கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. வாங்கிய அன்றே அடாப்டரில் கருவியின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பழைய கருவிகள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. பிளக்கை மட்டும் வெட்டி, நம் ஊர் மூன்று முள் பிளக்கை மாட்டிச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். சரியான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். உள்ளேயே 230-க்கு மாற்றும் வசதி சில கருவிகளில் உண்டு, அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பவர் சப்ளையை நீங்களே திறக்க வேண்டாம். சுவிட்ச் மோடு சப்ளையின் முதல் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கும் என்று நம்ப முடியாது.

லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, உச்சத்தில் இருந்த 2022, 2023-இல் எனக்கு வேலை கொட்டியது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கரண்ட் போகும் கணத்தைவிட, திரும்பி வரும் கணம் ஆபத்து. போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், வந்து சில நிமிடம் கழித்துச் சொருகுங்கள். இன்வெர்ட்டர் வாங்குவதானால் ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள். மலிவான மாடிஃபைடு சைன் வேவில் பழைய சின்தின் டிரான்ஸ்ஃபார்மர் வண்டாக ரீங்கரிக்கும், அந்த இரைச்சல் ரெக்கார்டிங்கிலும் ஏறிவிடும். சீக்வென்சரில் பாட்டர்ன் போட்டால் உடனுக்குடன் சேவ் செய்யுங்கள்.

அடுத்ததைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கருவிகளை லேப்டாப்போடு இணைத்ததும் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும். உடனே யாராவது ஒரு மாமா, "எர்த்தை எடுத்துவிடு, சரியாகிடும்" என்பார். சரியாகத்தான் ஆகும். பிறகு ஏதாவது ஒரு கருவியில் இன்சுலேஷன் போனால், 230 வோல்ட் உலோகப் பெட்டியிலும் கேபிளின் வெளிச்சுற்றிலும் வந்து நிற்கும். கருவியில் ஒரு கை, மைக்கில் உதடு. போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானே அணைவது) இருக்கிறதே என்பார்கள். 30 மில்லியாம்பியரில் தட்டிவிழும் அது கடைசிக் காவல், எர்த் கம்பிக்கு மாற்று அல்ல. முனகலைப் போக்க வேறு வழிகள் உண்டு. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் பாயிண்டிலிருந்து எடுங்கள். மிக்சருக்குப் போகும் வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போடுங்கள். டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் வந்த ஐந்து முள் மிடி இணைப்பை வடிவமைத்தவர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். அதில் சிக்னல் ஆப்டோகப்ளர் வழியாக வெளிச்சமாகத் தாண்டுவதால் அந்தப் பாதையில் முனகல் ஏறாது. யூஎஸ்பியில் அந்த வசதி பொதுவாக இல்லை.

பழைய கருவி வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்பதே இல்லை. 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சின்தசைசர் இதற்குப் பேர்போனது. நினைவகத்தைக் காக்க உள்ளே ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும், வயதானால் கசியும். திறந்தால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அடியில் செம்புத் தடங்கள் கறுத்து, ஊசி நுனி பட்டாலே உரிந்து வரும். காரம் கசிந்ததால் முதலில் வெள்ளை வினிகரைத் துளித்துளியாக வைத்து முறிக்கிறேன், பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவுகிறேன். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி இழுத்து சோல்டர் செய்ய ஒரு நாள் ஓடிவிடும். அந்த இடத்தில் லித்தியம் காயின் செல் போடுவதானால் சார்ஜ் போகும் பாதையைத் துண்டித்தே ஆக வேண்டும். அதைச் சார்ஜ் செய்தால் வெடிக்கலாம். நம் கடற்கரை ஊர் ஈரமும் உப்புக் காற்றும் இதோடு சேர்ந்துகொள்ளும். கரகரக்கும் குமிழுக்கு வீட்டில் கிடக்கும் துரு நீக்கி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், காண்டாக்ட் கிளீனர் தனியாகக் கிடைக்கிறது.

யூரோராக் மாட்யூல், அதாவது ஒரே பெட்டியில் சேர்த்துச் சின்தாக்கும் தனித்தனித் துண்டுகள், அடுக்குகிறவர்களுக்கு ஒன்று. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். பவரை நிறுத்திவிட்டு, மாட்யூலிலும் பெட்டியிலும் இரண்டு முனையையும் பார்த்துச் சொருகுங்கள். திருப்பிச் சொருகினால் சிப் போய்விடும். எல்லாத் தயாரிப்பாளரும் தடுப்பு டயோடு வைப்பதில்லை.

குமிழ் திருகினால் கெடாது என்றேனே, அது கருவிக்குத்தான். ஸ்பீக்கரும் காதும் வேறு கதை. மாட்யூலர் சிக்னல் உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வரை வரும். வீட்டு ஆடியோவின் லைன் லெவல் 1 வோல்ட்டுக்குள் அடங்கும். நேரே சொருகினால் ஸ்பீக்கர் கதறும். ஆகவே அவுட்புட் மாட்யூல் வழியாகக் குறைத்து அனுப்புங்கள். ரெசொனன்ஸ் ஏற்றிய ஃபில்டர் தானே ஆசிலேட் ஆகும்போது, 3,000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில், அதாவது நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில், ஊசியாகக் குத்தும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூட்டலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 92-க்குப் போனால் இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சும். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு மாட்யூல்களை இணைக்கும் பேட்ச் கேபிளை மாற்றாதீர்கள். வால்யூமைக் கீழே இறக்கி, கேபிளைச் சொருகி, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.